அறுபத்தொன்றாம் பக்கம் வரை

ஜஹானாராவுக்குக் கணிதம் தெரியாது. ஆனால் கணிதம் எங்கே தப்பாக அச்சாகியிருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். பதினேழு வருஷமாக அதுதான் அவள் தொழில். சேலத்திலிருந்து நாமக்கல் போகும் சாலையில், பனமரத்துப்பட்டிப் பிரிவைத் தாண்டினால் ஒரு கல்லூரி. அதற்கு எதிர்வரிசையில், டீக்கடைக்கும் பஞ்சர் கடைக்கும் நடுவே அவளுடைய கடை. முன்பக்கம் அவளுடைய தம்பி அல்தாப் ஜெராக்ஸ் போடுவான், பைண்டிங் செய்வான். உள்ளே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து ஜஹானாரா ஆய்வேடு அடிப்பாள்.

சேலம் கோட்டையில் பிறந்து வளர்ந்தவள். பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் வருஷம் படிக்கும்போது நசுருல்லாவுக்கு நிக்காஹ் செய்துகொடுத்தார்கள்; படிப்பு அதோடு நின்று, படித்த கணிதமும் மறந்துபோயிற்று. அவருக்கு லாரி புக்கிங் ஆபீஸில் வேலை. காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். சும்மா இருக்கப் பிடிக்காமல் ஜஹானாரா டைப்ரைட்டிங் கற்றாள், பிறகு கம்ப்யூட்டர். கணித ஆய்வேடுகளுக்கென்றே லேடெக் என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு குறியையும் ஒரு கட்டளையாகத் தட்ட வேண்டும், தட்டியது கடைசியில் அழகான சமன்பாடாக வந்து நிற்கும். அதை ஆய்வு மாணவர்களே அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நாலைந்து வருஷத்தில், சொல்லிக்கொடுத்தவர்களின் மாணவர்கள் அவளிடம் வந்து சந்தேகம் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்தப் பக்கத்துக் கல்லூரிகளில் கணிதத்தில் பி.எச்டி. செய்கிறவர்களில் பாதிப் பேருக்கு ஒரே மாதிரித் தலைப்பு. மூளை நரம்புகளின் போக்கைக் கணிதமாக்கும் நரம்பு வலையமைப்பு, அதன் நிலைத்தன்மை, ஒத்தியக்கம். அடிக்கிற ஜஹானாராவுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். சௌமியா வந்த பிறகுதான் அதில் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் தெரிந்தது.

சௌமியா ஆட்டையாம்பட்டிக்காரி. முப்பத்து மூன்று வயது இருக்கும். ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே எதிர்க் கல்லூரியில் பகுதிநேரமாக ஆய்வு செய்தாள். கையெழுத்துப் பிரதியைக் கொடுத்துவிட்டுப் போகிற ஆள் இல்லை. பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பார்ப்பாள். ஜஹானாராவுக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. ஒருநாள் பேச்சுவாக்கில், இதெல்லாம் எதற்கு என்று கேட்டுவிட்டாள். சௌமியா தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைக் காட்டினாள்.

"ரெகுலேட்டரத் திருப்புனா மெல்ல மெல்ல ஏறுதில்லீங்க்கா? மத்தவங்க எடுக்கற நரம்பெல்லாம் அப்படி. என்னோடது சுவிட்ச் மாதிரி. ஒரு எடத்துல வந்ததும் ஒரே தாவல்."

பிறகு ஒரு தாளில் இரண்டு கோடுகள் வரைந்து விளக்கினாள். இரண்டு வலைகள். ஒன்று தன் போக்கில் ஓடும். இன்னொன்று எங்கிருந்து புறப்பட்டாலும் முதலாவதோடு வந்து சேர்ந்து, அப்புறம் பிரியாமல் ஓட வேண்டும். அதற்காக இரண்டாவதை இழுத்துப் பிடிக்க ஒரு கட்டுப்படுத்தி. மெல்ல ஏறுகிற நரம்பாக இருந்தால், வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவு இழுத்தால் போதும். தாவுகிற நரம்பில் அது பலிக்காது. இரண்டும் மயிரிழை தூரத்தில் நின்றாலும், தாவலுக்கு அந்தப் பக்கம் ஒன்றும் இந்தப் பக்கம் ஒன்றுமாக நின்றுவிட்டால் மறு நொடியே பிரிந்துவிடும். அதனால் வித்தியாசம் எத்தனை சிறியதானாலும் குறையாத ஓர் இழுப்பும் வேண்டும். குறைந்தபட்சம் எவ்வளவு இழுப்பு என்பதைச் சொல்வதுதான் அவளுடைய மூன்றாம் அத்தியாயத்தின் தேற்றம். மூன்று வருஷ உழைப்பு.

அன்றிலிருந்து அந்த அத்தியாயத்தை அடிக்கும்போது ஜஹானாராவுக்கு ஒரு பிடிப்பு வந்தது. இருந்தாலும் முதல் அச்சில் அவளே ஒரு தப்புச் செய்தாள். தேற்றத்தின் நாலாவது வரியில் ஓர் எண்ணின் இரு பக்கமும் நிற்க வேண்டிய நேர்க்கோடுகள் விட்டுப்போயின. மைனஸ் எண்ணையும் பிளஸ்ஸாக எடுத்துக்கொள் என்று சொல்லும் கோடுகள் அவை. சௌமியா சிவப்பு மையில் வட்டம் போட்டு, இது இல்லாவிட்டால் தேற்றமே இல்லை என்று கொஞ்சம் கடுமையாகவே சொன்னாள். ஜஹானாரா திருத்தி இரண்டாவது பிரதி எடுத்தாள். அது கைடு எனப்படும் ஆய்வு நெறியாளரிடம் போயிற்று. அது செப்டம்பர் மாதம். கைடு அதை மேசையில் வைத்துக்கொண்டு நாலு மாதம் எதுவும் சொல்லவில்லை.

பிப்ரவரியில் ஒருநாள் காலை பதினோரு மணிக்கு சௌமியா வந்தாள். ஸ்டூலில் உட்காரவில்லை. பையிலிருந்து சில தாள்களை எடுத்து மேசையில் வைத்தாள். ஒரு சஞ்சிகையில் வந்த கட்டுரை. திருச்செங்கோட்டுப் பக்கம் ஏதோ கல்லூரியில் வேலை பார்க்கும் இரண்டு விரிவுரையாளர்கள் எழுதியது. ஜஹானாரா முதலில் கவனித்தது அதன் ஓரம். தன் மெஷினில் எடுத்த அச்சு அது இல்லை. ஐந்து வருஷமாக எல்லாவற்றையும் இங்கேயே எடுத்த பெண், இதை வேறு கடையில் எடுத்திருக்கிறாள். அது மனதில் சுருக்கென்று தைத்தது.

"என்னோட மூணாவது அத்தியாயம், அக்கா. வேற ரெண்டு பேரு பேருல வந்திருக்குது."

ஜஹானாரா புரட்டிப் பார்த்தாள். எழுத்துகள் மாறியிருந்தன, முன்னுரை வேறு. ஆனால் தேற்றமும் நிரூபணமும் அவள் விரல்கள் அடித்த அதே வரிசையில் வந்தன. அப்படியே இருக்கிறது என்று சொன்னாள்.

"கைடுகிட்ட ஒரு பிரதி. எங்கிட்ட ஒண்ணு. உங்க கம்ப்யூட்டர்ல ஒண்ணு. வேற எங்கயும் இல்லீங்க."

அவ்வளவுதான் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. கம்ப்யூட்டரிலிருந்த தன் ஆய்வேட்டைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு, மூலத்தை அழிக்கச் சொன்னாள். ஜஹானாரா அழித்தாள். அழித்தவை போய் விழும் குப்பைத்தொட்டியையும் காலி செய்யச் சொல்லி, காலியாகும் வரை நின்று பார்த்துவிட்டுப் போனாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று ஜஹானாராவுக்குத் தோன்றியது.

அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. யார் எடுத்திருப்பார்கள் என்று ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தாள். கைடு நாலு மாதம் ஏன் வைத்திருந்தார்? சௌமியாவே யாருக்காவது காட்டிவிட்டு மறந்திருப்பாளா? கல்லூரி ஆபீஸில் இருக்கும் யாராவது? ஒவ்வொருவரையும் நினைக்கும்போது அவர்தான் என்று தோன்றியது. அடுத்தவரை நினைத்தால் அதைவிட உறுதியாக அவர்தான் என்று தோன்றியது. கடைசியில் கண்ணாடித் தடுப்பு வழியாக, ஜெராக்ஸ் மெஷினருகே குனிந்து நின்ற தம்பியின் முதுகைப் பார்த்தாள்.

காரணம் இருந்தது. முந்தைய ஜூனில் காரில் ஓர் ஆள் வந்திருந்தான். பழைய ஆய்வேடுகளின் கோப்புகள் இருந்தால் மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன், யாருக்கும் தெரியாது என்றான். ஜஹானாரா அவனை வாசலிலேயே நிறுத்தி அனுப்பிவிட்டாள். ஆனால் அல்தாப் அவனோடு டீக்கடை வரை போய்ப் பேசிவிட்டு வந்தான். என்ன பேசினான் என்று அப்போது அவள் கேட்கவில்லை.

அல்தாப் தொழுகைக்குப் போன சமயம் அவனுடைய மேசை இழுப்பறையைத் திறந்தாள். ஸ்டேப்ளர் பின் பெட்டிக்கு அடியில் அந்த ஆளின் விசிட்டிங் கார்டு கிடந்தது. எட்டு மாதமாகப் பத்திரமாக இருக்கிறது. கம்ப்யூட்டரில் கடையின் மெயிலைத் திறந்து, அனுப்பியவை எல்லாவற்றையும் செப்டம்பர் வரை பின்னோக்கிப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. அது அவள் சந்தேகத்தைக் குறைக்கவில்லை. பென்டிரைவில் கொடுத்தால் மெயிலில் எப்படித் தெரியும்?

அவன் திரும்பி வந்ததும் கார்டை அவன் முன்னால் வைத்தாள். அல்தாப் கார்டைப் பார்த்தான், திறந்து கிடந்த இழுப்பறையைப் பார்த்தான்.

"அந்த ஆளோட மச்சான் பழைய ஜெராக்ஸ் மெஷின் வாங்குறவரு. நம்ம பழசைத் தள்ளிவிடலாம்னு வெச்சிருந்தேன்," என்றான். "கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்லக்கா. ஏன் தோண்டிப் பாத்தே?"

அவன் சொல்வது உண்மையாக இருக்கலாம். தயாரித்து வைத்திருந்த பதிலாகவும் இருக்கலாம். அந்த இரண்டாவது எண்ணம் அவள் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அல்தாப் சாவிக்கொத்தை மேசையில் வைத்தான், செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டான். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. ஜெராக்ஸுக்கு வந்த பிள்ளைகள் பக்கத்துக் கடைக்குப் போனார்கள்.

மூன்றாம் நாள், கடையில் ஆளில்லாத நேரம், சௌமியா விட்டுப்போன கட்டுரையை ஜஹானாரா மறுபடி எடுத்தாள். இந்த முறை படிக்கவில்லை. தான் அடித்த பக்கத்தைப் பிழை பார்ப்பது போல, சுட்டுவிரலை ஒவ்வொரு குறியின் கீழும் வைத்து நகர்த்தினாள். தேற்றத்தின் நாலாவது வரியில் விரல் நின்றது. நேர்க்கோடுகள் இரண்டும் இல்லை.

அவள் செய்த தப்பு. சிவப்பு மையில் வட்டம் போட்ட அதே இடம்.

அப்படியானால் கைடு இல்லை. அவரிடம் போனது திருத்திய பிரதி. கம்ப்யூட்டரில் இருந்ததும் திருத்தியதுதான், ஏனென்றால் அவள் பழையதன் மேலேயே திருத்திச் சேமித்தாள். கோடு இல்லாத பிரதி உலகத்தில் ஒன்றே ஒன்று, சிவப்பு மையோடு ஆட்டையாம்பட்டியில் சௌமியாவின் வீட்டில் இருக்கிறது. ஒன்றே ஒன்றுதானா? அன்று அச்சு எடுத்தது அல்தாப்.

ஆக, சுற்றிச் சுற்றி மறுபடி தம்பியிடமே வந்து நின்றது. அவள் கடையைப் பூட்டிவிட்டுக் கோட்டைக்குப் போனாள். அல்தாப் வீட்டு வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். உள்ளே வா என்று சொல்லவில்லை. அவளும் சுற்றி வளைக்கவில்லை. செப்டம்பரில் சௌமியாவின் முதல் பிரதியை எத்தனை முறை அச்சிட்டாய் என்று மட்டும் கேட்டாள்.

அவன் துணியை உதறிவிட்டு யோசித்தான். வேண்டுமென்றே நேரம் எடுக்கிறானோ என்று அவளுக்குப் பட்டது.

"ரெண்டு தடவை," என்றான். "முதல் தடவை டோனர் தீந்துபோச்சு. வர வர மங்கிக்கிட்டே வந்துச்சு. அறுபத்தோராம் பக்கத்தோட நிறுத்திட்டு, புது டோனர் போட்டு முதல்லருந்து எடுத்தேன்."

மங்கலாக வந்த தாள்களை என்ன செய்தாய் என்று கேட்டாள்.

"என்ன செய்வேன்? ஒன்சைடுல போட்டேன்."

ஒரு பக்கம் மட்டும் அச்சாகி வீணான தாள்களைக் கடையில் ஒன்சைடு என்பார்கள். வாசலருகே ஓர் அட்டைப்பெட்டியில் கிடக்கும். யாராவது மறுபக்கத்தில் எழுதிப் பார்க்கக் கேட்டால் கொடுப்பார்கள். ஜஹானாரா கைப்பையிலிருந்த கட்டுரையை எடுத்தாள். தேற்றம் இருந்தது, நிரூபணம் இருந்தது, அதிலிருந்து கிடைக்கும் முதல் துணை முடிவும் இருந்தது. சௌமியாவின் அத்தியாயத்தில் இரண்டாவது துணை முடிவும் உண்டு. அதுதான் அவளுக்குப் பெருமை. இந்தக் கட்டுரையில் அது இல்லை. அது அறுபத்திரண்டாம் பக்கத்தில் தொடங்கும்.

ஒன்சைடு தாளை யார் வாங்கிப்போனது என்று அல்தாபிடம் கேட்க வேண்டியிருக்கவில்லை. பள்ளிப் பிள்ளைகள் நாலு தாள், ஐந்து தாள் எடுப்பார்கள். கட்டாகக் கேட்டு வாங்குகிறவன் ஒருவன்தான். நாமகிரிப்பேட்டை கோகுல்ராஜ். அவனுக்குத் தாள்கட்டை எடுத்து, நூல் சுற்றி, கையில் கொடுத்ததே அவள்தான்.

அவளால் நம்ப முடியவில்லை. கோகுல்ராஜ் நாலு வருஷமாகக் கடைக்கு வருகிறவன். அதே கல்லூரியில், வேறொரு கைடிடம் முழுநேர ஆய்வு. லேடெக் தகராறு செய்யும்போதெல்லாம் கூப்பிட்ட குரலுக்கு வந்து சரிசெய்து தருவான். பெருநாளுக்குப் பிரியாணி கொடுத்தால் டப்பாவைக் கழுவி, அதில் வீட்டு மஞ்சள்தூள் நிரப்பித் திருப்பிக் கொடுப்பான். சொந்தத் தம்பியின் மேசையைத் தோண்டியவள் இவனை ஒரு நொடி நினைத்துப் பார்க்கவில்லை.

மறுநாள் ராசிபுரம் போய், அங்கிருந்து பஸ் மாறி நாமகிரிப்பேட்டைக்குப் போனாள். வீடு தோட்டத்துக்குள் இருந்தது. களத்தில் வேகவைத்த மஞ்சள் காய்ந்துகொண்டிருந்தது. கோகுல்ராஜின் அம்மா அத்தாயி, வெயிலில் வந்த அவளைப் பார்த்ததும் மோர் கலக்கப் போனார். "வாங்க சாமி, உங்களப் பத்தி ஊட்டுல எந்நேரமும் சொல்லுவான்," என்றார். ஜஹானாராவுக்கு அந்தப் பேச்சு சங்கடமாக இருந்தது. என்னைப் பற்றி என்ன சொல்லியிருப்பான் என்று யோசித்தபடியே மோரைக் குடித்தாள்.

கோகுல்ராஜ் அறையிலிருந்து வந்தான். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அவள் கையிலிருந்த தாள்களைப் பார்த்ததும் மலர்ச்சி நின்றுவிட்டது. அம்மா மோர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனார்.

"அது உங்ககிட்ட எப்படிங்க்கா வந்துச்சு?" என்று கேட்டான்.

"நான் குடுத்த தாளு எங்க?"

அவன் மறுக்கவில்லை. அறைக்குப் போய் நூல் சுற்றிய கட்டைக் கொண்டுவந்தான். ஒரு பக்கம் அவன் கையெழுத்து, மறுபக்கம் மங்கிக்கொண்டே போகும் அச்சு. பிறகு தணிந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னான். அந்த இரண்டு விரிவுரையாளர்களுக்கும் பதவி உயர்வுக்குக் கட்டுரை தேவைப்பட்டது. எழுதிக்கொடுத்தால் தங்கள் கல்லூரியில் வேலைக்குச் சொல்வதாக வாக்குக் கொடுத்தார்கள். ஏற்கெனவே இரண்டு எழுதிக் கொடுத்திருக்கிறான், அவை அவனுடைய சொந்தம். மூன்றாவதற்கு அவனிடம் எதுவும் இல்லை. ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்க்கும்போது தாளைத் திருப்பினான்.

"யாருதுன்னு தெரியலீங்க்கா. பேரு இல்ல. வேண்டாம்னு வீசுனதுன்னு நெனச்சேன்."

"நெனச்சியா, நெனச்சுக்கிட்டியா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அந்தக் கல்லூரியில் தாவல் உள்ள வலைகளைப் பற்றி ஆய்வு செய்கிறவள் சௌமியா ஒருத்திதான் என்பது அவனுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. ஜஹானாரா அதைச் சொல்லவில்லை. அதற்குப் பதிலாகக் கட்டுரையைப் பிரித்து நாலாவது வரியைக் காட்டினாள். இங்கே இரண்டு கோடு விட்டுப்போயிருக்கிறது, அது நான் செய்த தட்டச்சுப் பிழை, அதையும் சேர்த்து எடுத்திருக்கிறாய் என்றாள்.

அவள் எதிர்பாராதது அப்புறம் நடந்தது. திருட்டு வெளிப்பட்டபோது குனிந்த அவன் தலை, இப்போது சட்டென்று நிமிர்ந்தது. தாளைப் பிடுங்காத குறையாக வாங்கினான். பேனாவை எடுத்து, அவள் எதிரில் நிற்பதையே மறந்து, கையிலேயே எழுதிப் பார்த்தான். அவன் கட்டுரைக்காகத் தயாரித்த எடுத்துக்காட்டில் எடைகள், அதாவது ஒரு நரம்பு இன்னொன்றைத் தூண்டும் அளவுகள், எல்லாம் பிளஸ் எண்கள். அதனால் கோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் விடை ஒன்றாகவே வந்தது. சஞ்சிகையின் மதிப்பீட்டாளர்களும் பார்க்கவில்லை, அவனும் பார்க்கவில்லை. மைனஸ் எண் ஒன்றைப் போட்டதுமே எல்லாம் சரிந்தது.

"தப்புங்க்கா," என்றான். "தேற்றமே தப்பு. இத நான் பாக்கலியே."

கண் கலங்கியிருந்தது. திருடியதற்கா, தப்பாகத் திருடியதற்கா என்று ஜஹானாராவுக்குத் தெரியவில்லை. நடந்ததை ஒரு கடிதமாக எழுதித் தரும்படி கேட்டாள். திங்கட்கிழமை கடைக்கு வந்து தருவதாகச் சொன்னான். தாள்கட்டை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள். வழியெல்லாம், அவன் வரமாட்டான் என்றே தோன்றியது. திங்கட்கிழமை அவன் வரவில்லை. போனும் எடுக்கவில்லை.

அதற்குமேல் தள்ளிப்போட முடியாமல் சௌமியாவைக் கடைக்கு வரச் சொன்னாள். வருவதற்கு முன்பு பலவிதமாக யோசித்தாள். அட்டைப்பெட்டியிலிருந்து அவனே எடுத்துக்கொண்டான் என்று சொல்லிவிடலாம். பாதி உண்மைதான். சௌமியாவுக்குத் தெரியப் போவதுமில்லை. ஆனால் அவள் வந்து எதிரில் நின்றதும், நடந்ததை நடந்தபடியே சொன்னாள். கட்டை எடுத்து நூல் சுற்றிக் கொடுத்தது வரை.

சௌமியா தாள்களைப் புரட்டினாள். கோகுல்ராஜின் கையெழுத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"தெரிஞ்சே குடுத்தீங்களாக்கா?"

"இல்ல. ஆனா தெரிஞ்சிருக்கணும். பொட்டில என்ன கெடக்குன்னு நான் பாத்ததே இல்ல."

நம்பினாளா என்று முகத்தில் தெரியவில்லை. ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். பென்டிரைவைச் செருகி, வலைகளை ஓட்டிப் பார்க்கும் நிரலைத் திறந்தாள். எடைகளில் ஒன்று ஒன்றரை, மற்றொன்று மைனஸ் ஒன்று புள்ளி இரண்டு. கோடுகளோடு கூட்டினால் குறைந்தது இரண்டு புள்ளி ஏழு இழுப்பு வேண்டும். கோடு இல்லாத அந்தக் கட்டுரைப்படி, வெறும் புள்ளி மூன்று போதும். முதலில் புள்ளி மூன்றை வைத்து ஓட்டினாள். திரையில் நீலக்கோடும் சிவப்புக்கோடும் நெருங்கி நெருங்கி வந்தன. ஆனால் சேரவில்லை. தாவுகிற இடம் வரும்போதெல்லாம் பிரிந்தன. மறுபடி நெருங்கி, மறுபடி பிரிந்தன. பிறகு இரண்டு புள்ளி எட்டு என்று மாற்றினாள். கொஞ்ச தூரத்திலேயே சிவப்பு நீலத்தின் மேல் படிந்து ஒரே கோடாயிற்று. கடைசிவரை அப்படியே போயிற்று.

ஜஹானாரா பதினேழு வருஷத்தில் இப்படி எத்தனையோ படங்களை ஆய்வேடுகளில் ஒட்டியிருக்கிறாள். ஒன்று உண்மையிலேயே ஓடுவதை அன்றுதான் பார்த்தாள். இன்னொரு முறை ஓட்டிக் காட்டச் சொல்ல ஆசையாக இருந்தது, கேட்கவில்லை.

இருவரும் சேர்ந்து சஞ்சிகை ஆசிரியருக்குக் கடிதம் தயாரித்தார்கள். சௌமியா சொல்ல ஜஹானாரா அடித்தாள். ஒன்று, இது என் ஆய்வேட்டிலிருந்து எடுக்கப்பட்டது என்பதற்கு ஆதாரமாக, பிரதி கொடுத்ததைப் பற்றிக் கைடுக்கு எழுதிய செப்டம்பர் மாத மெயில்கள். இரண்டு, தேற்றம் தப்பு என்பதற்கு ஆதாரமாக அந்த இரண்டு படங்கள். கோகுல்ராஜின் கையெழுத்துள்ள தாள்களை இணைக்கலாமா என்று பேச்சு வந்தது. இணைத்தால் கடையின் பெயரும் வரும். ஜஹானாரா இணைக்கச் சொன்னாள். சௌமியா கைடைக் கேட்டுவிட்டு வருவதாகப் போனாள். கைடு, பெரிதாக்காதே, உன்னுடையது சரியாக இருக்கிறது, அது நிற்கும் என்றாராம். அந்த இருவரில் ஒருவர் அவருடைய பழைய மாணவர் என்பதை சௌமியா அப்போதுதான் கண்டுபிடித்தாள். அதனால் சொன்னாரா, அனுபவத்தில் சொன்னாரா என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. தாள்களை இணைக்கவில்லை.

மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. ஆசிரியர் முதல் விஷயத்தைத் தொடவே இல்லை. இரண்டாவதை விசாரித்ததாகவும், தேற்றத்தில் பிழை இருப்பதால் எழுதிய இருவருமே கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாகவும் இரண்டு வரி எழுதியிருந்தார். திருட்டு நடந்ததாக எங்கும் பதிவாகவில்லை. சௌமியாவின் கட்டுரை வேறொரு சஞ்சிகையில் வெளிவந்தது. ஆய்வேடு ஏழு மாதம் தள்ளிப்போய், பட்டம் கிடைத்தது. வாய்மொழித் தேர்வுக்கு ஜஹானாராவையும் கூப்பிட்டிருந்தாள். கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டாள். பாதி புரிந்தது.

அவள் கோட்டைக்குப் போய்க் கேட்டு ஒரு மாதம் கழித்து அல்தாப் அவனாகவே வந்திருந்தான். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவளை நிறுத்தி, டோனர் வாங்கணும் என்றான். வேலை பழையபடி நடக்கிறது. ஆனால் இழுப்பறைக்கு ஒரு சின்னப் பூட்டுப் போட்டுவிட்டான். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு வலிக்கும். கழற்று என்று சொல்ல உரிமையில்லை என்பதும் தெரியும். சௌமியா இப்போது மாணவர்களை அனுப்புகிறாள். எல்லோரும் ஸ்டூலைப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, ஒரு தாள் விடாமல் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அவள்தான் சொல்லி அனுப்பியிருப்பாள்.

இந்த வருஷம் ஆடி மாதத்தில் கோகுல்ராஜ் வந்தான். அந்த வேலை கிடைக்கவில்லை என்று அவன் சொல்லாமலே தெரிந்தது. மெலிந்திருந்தான். ஆய்வேட்டுச் சுருக்கம் அடிக்க வேண்டும், வேறெங்கும் போகப் பிடிக்கவில்லை என்றான். அல்தாப் ஜெராக்ஸ் மெஷினை நிறுத்திவிட்டு அக்காவைப் பார்த்தான்.

ஜஹானாரா கையெழுத்துப் பிரதியை வாங்கினாள். முதல் தேற்றத்தில் விரல் வைத்தாள்.

"இது யாருது?"

"என்னோடதுங்க்கா."

"இது?"

"அதும் என்னோடதுதானுங்க."

ஒவ்வொரு தேற்றத்துக்கும் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் அதே பதிலைச் சொன்னான். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. நாலு வருஷம் பார்த்த முகம்தான். அவனை மறுநாள் வரச் சொல்லிவிட்டுக் கணினியைத் திறந்தாள், பிரதியை இடதுபக்கம் சாய்த்து வைத்து அடிக்க ஆரம்பித்தாள். வரிகள் நன்றாகவே இருந்தன. நன்றாக இருந்த ஒவ்வொரு வரியிலும் அவள் விரல் ஒரு கணம் நின்று, பிறகுதான் அடுத்ததற்குப் போயிற்று.